மூன்றாவது கேள்விக்குப் பிறகு வரும் சிரிப்பு

இதை வாசிக்கும்போது கண்ணைச் சுருக்க வேண்டி வந்தால், குறை உங்கள் கண்ணில் இல்லை, என் கையில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையொப்பம் வைக்கத்தான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றும் எனக்குத் தடுமாற்றம். போனில் தட்டி எழுதுவது இன்னும் மோசம். அதனால் தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து நம் பழைய பாட்டுக் குழுவில் போடும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன். பிழைகளை நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

குழுவில் என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. கும்பிடும் கைப்படம் மட்டும் போடுகிற ஆள் நான்தான். எல்லோரும் குரலில் பேசி அனுப்புகிறீர்கள். நானும் இரண்டு தடவை அந்தப் பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். அமுக்கியதும் எனக்குக் குரல் வரவில்லை. கடையில் ஒரு சவர்க்காரம் கேட்பதற்கே முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் போகட்டும் என்று காத்திருக்கிற ஆளுக்கு அது எப்படி வரும்?

ஆனால் நீங்கள் சொல்லும் கதைகளை ஒன்று விடாமல் கேட்கிறேன். எந்தப் பாட்டைப் பாடும்போது பாடகருக்குக் காய்ச்சல், எந்தப் பாட்டில் வயலின்காரர் வராததால் புல்லாங்குழல் வந்தது, எந்தப் பாட்டை முதலில் வேறு ஒருவர் பாடிவிட்டுக் கோபித்துக்கொண்டு போனார் என்றெல்லாம் நீங்கள் சொல்லச் சொல்ல, வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்து கேட்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அவற்றில் எவ்வளவு உண்மை என்று நான் யோசிப்பதில்லை. போன கிழமை வரைக்கும் யோசித்ததில்லை.

போன கிழமை நம்மில் ஒருவர் தோணிக்காரன் பாட்டைப் பற்றிப் பேசினார். நம் வயதுக்காரர்களில் அந்தப் பாட்டைத் தெரியாதவர் இல்லை. தோணிக்காரன் கரையில் நிற்கும் பெண்ணிடம் மூன்று கேள்வி கேட்பான். அவள் ஒன்றுக்கும் பதில் சொல்ல மாட்டாள். மூன்றாவது கேள்விக்குப் பிறகு வாத்தியம் எல்லாம் நின்று, ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு புல்லாங்குழல் வரும். நம் கட்டுகஸ்தோட்டைப் பக்கம், கலகெதரப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த மூச்சு நேரத்தில் ஒரு பெண் சிரிப்பது ஞாபகம் இருக்கும். இப்போது போனில் கிடைக்கிற பாட்டில் அந்தச் சிரிப்பு இல்லை. இசையமைத்தவரின் மனைவி சிரித்தது அது என்றும், பின்னால் இருவருக்கும் மனஸ்தாபம் வந்ததால் அவர் அதை வெட்டி எடுத்துவிட்டார் என்றும் நண்பர் சொன்னார். நிறையப் பேர் ஆமாம் ஆமாம் என்று போட்டிருந்தீர்கள்.

நண்பர்களே, அந்தச் சிரிப்பு அந்தப் பாட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதைச் சிரித்தது என் அம்மா.

அப்போது நாங்கள் கட்டுகஸ்தோட்டைக் கடை வீதிக்குப் பின்னால் உள்ள மேட்டில், ஓர் அறையும் குசினியும் உள்ள வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலியாணத்துக்குப் பிறகு தோட்ட வேலையை விட்டு டவுனுக்கு வந்தவர். வாசனைச் சரக்குக் கடை ஒன்றில் மூட்டை கட்டுகிற வேலை. சாயங்காலம் அவர் படியேறி வருவதற்கு முன்பே கராம்பு வாசம் ஏறி வந்துவிடும். சட்டையைத் துவைத்தாலும் போகாது. அம்மாவின் சேலைத் தலைப்பிலும் அந்த வாசம் கொஞ்சம் இருக்கும். எனக்குக் கீழே ஒரு தங்கச்சி. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

வீட்டில் பெரிய சொத்து என்றால் ரேடியோ. அம்மா அதற்குப் பூப்போட்ட சீத்தையில் சட்டை தைத்துப் போட்டிருந்தாள். மேட்டு வீடு என்பதால் அது கணீரென்று பாடும். கீழே கடை வீதியில் ஒரு ரேடியோவும் ஒழுங்காக இழுக்காது.

கீழே பாலத்துக்குக் கிட்ட ஒரு ரெக்கோர்டிங் பார் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. இன்ன இன்ன பாட்டு வேண்டும் என்று சொல்லி வெறும் கெசட்டைக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அதை நடத்திய முஸ்லிம் அண்ணனை எல்லோரும் நானா என்போம். சிவந்த, தடித்த மனிதர். கெசட்டைக் கையில் எடுத்தால் ஊதிவிட்டுத்தான் மெஷினில் போடுவார்.

தோணிக்காரன் பாட்டு வானொலியில் வரத் தொடங்கிய காலம் அது. இசைத்தட்டு கண்டிக்கு வந்து சேரவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் கேட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் அந்தப் பாட்டு வரும் என்று அறிவித்தபோது, நானா தன் டேப் ரெக்கோர்டரைத் துவாயில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு எங்கள் மேட்டுக்கு ஏறி வந்தார்.

"தம்பி, ஒங்கட ரேடியோ இழுக்கிற மாதிரி இந்தப் பக்கத்துல ஒண்டும் இழுக்காது. ஒரே ஒரு பாட்டு. பிடிச்சிட்டுப் போயிடுறன்," என்றார் அப்பாவிடம்.

அவர் கொண்டு வந்த வயர் எங்கள் ரேடியோவுக்குப் பொருந்தவில்லை. ஆகவே ரேடியோவை ஒரு கதிரையிலும் டேப் ரெக்கோர்டரை எதிர்க் கதிரையிலும், பெண் பார்க்க வந்தவர்களைப் போல, உட்கார வைத்தார்கள். டேப்பில் இருந்த மைக் அறையில் உள்ள எல்லாச் சத்தத்தையும் பிடித்துவிடும் என்று நானா எச்சரித்தார். பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்பா மேட்டில் இருந்த எல்லா வீட்டுக்கும் போய், யாரும் உரலில் இடிக்கக் கூடாது, பிள்ளைகளை அடிக்கக் கூடாது, இருமல்காரர்கள் கீழே இறங்கிப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். பாப்பாவின் வாயில் ஒரு பெரிய கித்துள் கருப்பட்டித் துண்டை வைத்து என்னிடம் கொடுத்தார்கள். அம்மாவைக் குடத்தோடு தண்ணீர்ப் பீலிக்கு அனுப்பிவிட்டார்கள்.

"பாட்டு முடியிற வரைக்கும் இந்தப் பக்கம் வராத," என்றார் அப்பா.

"நான் என்னா, நாய்க்குட்டியா? வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதா எனக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"ஒனக்குத் தெரியும். ஒன் வாய்க்குத் தெரியாது."

அம்மா முறைத்துக்கொண்டு போனாள்.

பாட்டு தொடங்கப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுச் சேவல் எங்கள் வாசலுக்கு வந்து கழுத்தை நீட்டியது. அப்பா ஒரே பாய்ச்சலில் அதைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கி, மற்றக் கையால் அதன் அலகைப் பொத்திக்கொண்டு, கதவடியில் பொலிஸ்காரர் போல விறைப்பாக நின்றார். முதல் கேள்வி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. சேவல் ஒற்றைக் கண்ணால் அப்பாவை அண்ணாந்து பார்த்தது. நானா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாவது கேள்வியும் முடிந்து எல்லாம் நின்றது.

பீலியில் இருந்த அம்மாவுக்கும் பாட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சத்தம் நின்றதும் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து, குடத்தோடு வாசலுக்கு வந்துவிட்டாள். வந்தவள் அப்பாவையும் சேவலையும் கண்டாள். சிரித்துவிட்டாள்.

அது பெரிய சிரிப்பு இல்லை. அடக்கப் பார்த்து, முடியாமல், நடுவில் ஒரு தடவை உடைந்து, மேலே போய் நின்றது. உடனே புல்லாங்குழல் வந்தது. அம்மா பதறி வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு நானா டேப்பைப் பின்னால் ஓட்டிப் போட்டுப் பார்த்தார். அளவெடுத்து வைத்தது போல, மூன்றாவது கேள்விக்கும் குழலுக்கும் நடுவில் அந்தச் சிரிப்பு உட்கார்ந்திருந்தது. அப்பா அம்மாவை ஏசத் தொடங்கினார். நானா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏசாதீங்க தம்பி. இன்னொருக்காப் போட எவ்வளவு நாளாகுமோ. ஈக்கிறதக் கொண்டு ஓட்டுவம். ஆரு சிரிச்சதெண்டு ஆருக்குத் தெரியப் போகுது?"

பாட்டு பறந்தது. கெசட் வைத்திருந்த தேத்தண்ணிக்கடை, சலூன், கலகெதரப் பாதையில் ஓடும் தனியார் பஸ்கள் எல்லாவற்றிலும் அதுதான். ரேடியோவில் கரகரப்புக்கு நடுவில் ஒன்றிரண்டு தடவை கேட்டதைத் தவிர, இசைத்தட்டைக் கேட்டவர்கள் யாரும் இல்லாததால் சிரிப்பும் பாட்டில் உள்ளதுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். தோணிக்காரன் கேட்கிறான், அவள் வாயால் சொல்லாமல் சிரிப்பால் சம்மதம் சொல்கிறாள் என்று சலூன்காரர் தலைமுடியை வெட்டிக்கொண்டே விளக்குவார். பாடகர் கட்டிக்கொள்ளப் போகிற பெண் என்றார்கள். அந்த ஒலிப்பதிவு அறையில் முன்னொரு காலத்தில் செத்துப்போன பெண்ணின் ஆவி என்றும் சொன்னார்கள். ஆவி கதையைக் கேட்டுவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"ஆவிக்கு இவ்ளோ வேலையா? தண்ணி எடுக்கணும், சோறாக்கணும்," என்றாள்.

நானாவிடம் கேட்டவர்களுக்கு அவர், கொழும்பில் பெரிய இடத்துப் பிள்ளை, பேர் சொல்லக் கூடாது என்று ரகசியம் போலச் சொல்வார். பொய்க்கார மனிதர் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் விரலை நீட்டாமல் இருக்கத்தான் அவர் அப்படிக் கொழும்புக்கு விரலை நீட்டினார் என்பது புரிய எனக்கு நரை விழ வேண்டியிருந்தது.

அந்த வருட மழைக்கு முன்பு அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். எங்கள் மேட்டில் இருந்து மட்டும் மூன்று வீட்டு அம்மாக்கள் போனார்கள், அதனால் அது அதிசயமான விஷயமாக இல்லை. போகிற அன்று அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ரேடியோவின் சட்டையைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போனாள். பாப்பாவைப் பக்கத்து வீட்டு அக்கா பகலில் பார்த்துக்கொண்டார்.

பிறகு நடந்தது இதுதான். கீழே தேத்தண்ணிக்கடையில் பாட்டுப் போடுவார்கள். மூன்றாவது கேள்வி வரும். மேட்டில் எங்கள் வாசல் வரைக்கும் அம்மாவின் சிரிப்பு ஏறி வரும். நான் எந்த வேலையில் இருந்தாலும் அதற்காக நிற்பேன். அம்மாவின் முகம் மனதில் மங்கத் தொடங்கியிருந்தது. எங்களிடம் இருந்த ஒரே படத்தில் அம்மா கலியாண மாலையோடு யாரோ போல விறைத்து நின்றாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் மட்டும் முகம் முழுதாக வரும், மூக்குத்தியும் ஈர முடியும் இடுப்புக் குடமுமாக. எங்கள் வீட்டில் கெசட் போடும் பெட்டி கிடையாது. ஊரில் யார் போட்டாலும் அது எனக்காகப் போட்டதுதான்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் அப்பாவோடு மூட்டை கட்டும் ஒருவர், "அந்தச் சிரிப்பு ஒன் சம்சாரம், நம்ம தங்கச்சி சிரிப்பு மாதிரியே இருக்கேப்பா," என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று அப்பா வீட்டுக்கு வராமல் நேரே நானாவின் கடைக்குப் போனார். நான் அங்கேதான் நின்றேன். பள்ளிக்கூடம் விட்டால் நான் நிற்கும் இடமே அதுதான்.

"நானா, ஊரு முழுக்க எம் பொண்டாட்டி சிரிப்பக் கேக்கணுமா? அவ இங்க இல்லாத நேரத்துல கண்டவனும் கண்டதப் பேசுறான். அழிச்சிருங்க."

நானா கையில் இருந்த கெசட்டைக் கீழே வைத்தார். "ரெக்கோர்ட் நேத்துத்தான் கொழும்பால வந்தீக்கி," என்றார். "இனி அதுலதான் பிடிக்கப் போறன். பழைய கெசட்டக் கொண்டு வந்தா சும்மாவே மாத்திக் குடுக்கிறன். சரியா தம்பி?"

அப்பா தலையாட்டினார்.

நானா மூலக் கெசட்டை எடுத்து, ஊதி, மெஷினில் போட்டார். "வேணாம் நானா," என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். நானா குனிந்து என் தலையைத் தடவினார்.

"பயப்படாதீங்க மகன். இனி ஒருத்தனும் ஒங்கட உம்மாவப் பத்திக் கதைக்க மாட்டான்," என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அமுக்கினார். பிறகு என் கையில் ஒரு துண்டுத் தொதல் இனிப்பை வைத்தார். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார், பாவம். அந்தத் தொதலை நான் மகாவலி ஆற்றில் எறிந்தேன்.

சும்மா மாற்றித் தருகிறார்கள் என்றால் யார்தான் விடுவார்கள்? முதலில் சலூன் போனது. பாட்டு சுத்தமாக இருக்கிறது, ஆனால் உப்பில்லாமல் இருக்கிறது என்று சலூன்காரர் குறைபட்டார். பிறகு தேத்தண்ணிக்கடை. மேட்டுக்கு அதன் பிறகு ஒன்றும் ஏறி வரவில்லை. மூன்றாவது கேள்விக்குப் பிறகு வெறும் மூச்சு நேரம், உடனே குழல். ஒவ்வொரு பஸ்ஸாகக் கவனித்தேன். ஒவ்வொன்றிலும் அது இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் அப்பாவோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது, நான் அதற்கு முன்பும் அதிகம் பேசுகிறவன் இல்லை.

கடைசியில் ஒரே ஒரு பஸ்ஸில் மட்டும் சிரிப்பு மிச்சம் இருந்தது. கண்டியில் இருந்து கலகெதரவுக்கு ஓடும் ஒரு பழைய பஸ். முன் கண்ணாடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூவும் சின்னச் சின்ன பல்புகளும் இருக்கும். டிரைவர் ஒரு சிங்கள மாமா. முன்பல் ஒன்று கிடையாது. அப்பாவின் கடையில் இருந்து கலகெதரக் கடை ஒன்றுக்குச் சரக்குப் பொட்டலம் அனுப்புவார்கள். அதை பஸ்ஸில் வைத்துவிட்டு வருவது என் வேலை. வைத்துவிட்டு இறங்க வேண்டிய நான் இறங்காமல் கலகெதர வரைக்கும் போய் நானே கொடுத்துவிட்டு வரத் தொடங்கினேன். பள்ளிக்கூடம் அந்தக் காலத்தில்தான் என் கையை விட்டுப் போனது.

கொண்டக்டர் அண்ணன் கெசட்டை மாற்றச் சொல்லி டிரைவரை நச்சரித்துக்கொண்டே இருப்பார். "மாமா, எல்லாரும் புதுசு மாத்திட்டாங்க. இது கரகரங்குது. நம்ம பஸ்ஸுல மட்டும் எவளோ ஒருத்தி கெக்கெக்கேங்குறா."

டிரைவர் மாமா தனக்குத் தெரிந்த தமிழில் சொல்வார். "மாத்த ஏலா. நமக்கு தமிழ் பாட்டு வெளங்கறது இல்ல. அந்த ஹினாவ மட்டும் வெளங்குது." ஹினாவ என்றால் சிங்களத்தில் சிரிப்பு. பிறகு இஞ்சின் மூடியில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து, "இல்லையா மல்லி?" என்று கேட்பார். நான் தலையாட்டுவேன். மல்லி என்றால் தம்பி. அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது எனக்குக் கிடைத்த மரியாதையாகத் தோன்றும்.

ஒரு நாள் கலகெதரவுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ஏற்றத்தில், மெஷின் கெசட்டைத் தின்றுவிட்டது. தோணிக்காரனின் குரல் மாடு கத்துவது போல இழுபட்டு நின்றது. டிரைவர் மாமா பஸ்ஸை ஓரம் கட்டி, மெல்ல மெல்ல டேப்பை வெளியே எடுத்தார். பழுப்பு நாடா குடல் போல வந்துகொண்டே இருந்தது. சனங்கள் கத்தினார்கள். "வீட்டுக்குப் போய் ரிப்பேர் செய்ங்களேன்!" என்றார் ஒரு கிழவர். நாடா ஓரிடத்தில் கசங்கிக் கிழிந்திருந்தது. எந்த இடம் என்று யாருக்குத் தெரியும்? நான் கைகளைக் கோத்து இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். அவர் கசங்கிய துண்டைப் பிளேடால் வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு நுனியையும் ஒட்டும் நாடாவால் ஒட்டி, பென்சிலை விட்டுச் சுற்றி மறுபடி போட்டார்.

போனது முதல் கேள்வி. அதன் பிறகு அந்த பஸ்ஸில் தோணிக்காரன் இரண்டே கேள்விதான் கேட்டான். சிரிப்பு அப்படியே இருந்தது. நான் இறங்கிப் போய் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று அழுதேன். டிரைவர் மாமாவுக்கு என்ன தோன்றியதோ, இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல், தன் தண்ணீர்ப் போத்தலைத் தந்துவிட்டுப் போனார்.

இதற்குச் சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொட்டலம் எதுவும் இல்லை. அப்பா ஒரு மரண வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் போயிருந்தார். பாப்பா பக்கத்து வீட்டில் தூங்கினாள். நான் பாலத்தடியில் நின்று அந்த பஸ் வந்ததும் ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில், ஜன்னல் ஓரமாக, அப்பா உட்கார்ந்திருந்தார்.

மரண வீட்டுக்குப் போகிறவரின் முகம் இல்லை அது. தலை சீவி, கலியாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னைக் கண்டதும் அடிப்பார் என்று நினைத்தேன்.

"ஏறுடா. வாசல்ல நிக்காத," என்றார். பிறகு தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

கொண்டக்டர் அண்ணன் அப்பாவைக் காட்டி, "ஒன் அப்பாவா? ஞாயித்துக்கிழமைன்னா ஆளு வந்துருவாரு. கலகெதரயில எறங்குவாரு, பிளேன்டி குடிப்பாரு, இதே பஸ்ஸுல திரும்பி வருவாரு. என்னா வேலையோ!" என்று சிரித்தார்.

அப்பா முன் கண்ணாடியையே பார்த்தார். நானும் முன் கண்ணாடியையே பார்த்தேன். பாட்டு வந்தது. இரண்டாவது கேள்வி, மூன்றாவது கேள்வி. சிரிப்பு வந்தபோது அப்பாவின் உதடு ஒரு பக்கம் மட்டும் இழுபட்டது. அவர் என்ன பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் பார்த்ததும் அதே வாசலைத்தான், அதே குடத்தைத்தான். வெள்ளைச் சட்டையிலும் கராம்பு வாசம் இருந்தது.

கலகெதரவில் எனக்கும் ஒரு பிளேன்டி வாங்கித் தந்தார். வடை வேண்டுமா என்று கேட்டார். திரும்பி வரும்போது, பாலம் தெரிந்த பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாப்பாகிட்ட சொல்லிராத. கேட்டா தேடும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தேத்தண்ணிக்கடையில் சிரிப்பு வரும்போதெல்லாம் பாப்பா செய்வதை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, "அம்மா வருது, அம்மா வருது" என்று படியைப் பார்த்து நிற்பாள். இருட்டும் வரைக்கும் நிற்பாள். தூக்கி வந்தால் மூச்சுப் பிடித்து அழுவாள். நான் சிரிப்பைக் கேட்டேன். அப்பா பாப்பாவைப் பார்த்திருக்கிறார். ஊர் பேசுகிறது என்று நானாவிடம் சொன்னது, கடை வீதியில் நின்று ஓர் ஆம்பிளை சொல்லக்கூடிய காரணம், அவ்வளவுதான். அதன் பிறகு நாங்கள் முறை வைத்துப் போனோம். ஒரு ஞாயிறு அவர், ஒரு ஞாயிறு நான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அம்மா இரண்டு வருடம் கழித்து வந்தாள். நாங்கள் மூன்று பேரும் கண்டி பஸ் நிலையத்துக்குப் போய்க் காத்திருந்தோம். வேனில் இருந்து இறங்கியது மெலிந்த, நிறம் வெளுத்த ஒரு பெண். மெல்லப் பேசினாள். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்பு, பேசலாமா என்று கேட்பது போல அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பாப்பாவைத் தூக்கக் கையை நீட்டினாள். பாப்பா அப்பா கட்டியிருந்த சாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அம்மா நீட்டிய கையால் தன் பையின் வாரைச் சரிசெய்தாள்.

கலகெதர பஸ் ஒன்று வந்தது. அப்பா ஏறவில்லை. இன்னொன்று வந்தது. அதையும் விட்டார்.

"ஏங்க, வெறும் பஸ்ஸாத்தானே இருக்கு?" என்றாள் அம்மா.

"அது குலுக்கும்," என்றார் அப்பா.

பல்பு கட்டிய பஸ் வந்தபோது டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் அம்மாவை உட்கார வைத்தார். நான் இஞ்சின் மூடிக்குப் போனேன். எத்தனையோ நாள் அந்த பஸ்ஸில் போயும் நானாக வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"மாமா, அந்தப் பாட்டப் போடுங்க."

டிரைவர் மாமா என்னை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் போட்டார்.

அம்மா தலையை நிமிர்த்தினாள். "இந்தப் பாட்டா? மொதக் கேள்வி எங்க?" என்றாள்.

"மெஷின் தின்னுருச்சு," என்றார் அப்பா.

மூன்றாவது கேள்வி வந்தது. எல்லாம் நின்றது. சிரிப்பு வந்தது. அம்மா திரும்பிப் பின் சீட்டில் இருந்த பெண்களைப் பார்த்தாள்.

"யாருங்க அது?"

"யாரு?"

"பாட்டுக்கு நடுவுல ஒருத்தி சிரிச்சாளே. நல்ல சந்தோஷமான பொம்பள போல."

அப்பா வெளியே, ஆற்றைப் பார்த்தார். "நீதான் புள்ள," என்றார்.

அந்தக் கெசட்டில் தன் சிரிப்பு இருந்ததையே மறந்துபோயிருந்த அம்மா நம்பவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் முகத்தில் அது மெல்ல மெல்ல ஏறியது. முதலில் கையை வாயில் வைத்துப் பொத்தினாள். தோள் குலுங்கியது. பொத்திய கைக்குள் இருந்து சிரிப்பு வந்தது, நடுவில் ஒரு தடவை உடைந்து, மேலே போய்.

பாப்பா அப்பாவின் மடியில் இருந்து தலையைத் திருப்பி அம்மாவின் வாயையே பார்த்தாள்.

பஸ் நின்றுவிட்டது. நடு வீதியில். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. டிரைவர் மாமா தன் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மல்லி, இந்த நோனாவா? இந்த அம்மாவா அந்த ஹினாவ?"

நான் தலையாட்டினேன். அவர் கையை நீட்டி, பாட்டை நிறுத்தினார்.

கட்டுகஸ்தோட்டை,
2025 மார்ச் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.